நடுவர் இல்லாத ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வெகுநாளாக என் மனதை விட்டுப் போகாத விஷயம் இது.

"இருட்டுறதுக்குள்ள வந்துடணும்." உங்களில் பலருக்கும் இது ஒன்றுதான் சட்டமாக இருந்திருக்கும். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. முழங்காலில் ரத்தம் தெரிந்தால்தான் விசாரணை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பொடியன் இருந்தான். அண்ணனை விட்டு நகரவே மாட்டான். பந்தடிக்க வந்தால் முதல் பந்திலேயே அவுட். அதனால் அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டோம். மூன்று தடவை அவுட்டானால்தான் அவனுக்கு அவுட். யாரும் சொல்லித்தராமல் நாங்களே வைத்த விதி.

ஒருநாள் தோற்கிற நிலையில் இருந்த அணி கடைசியாக அவனை இறக்கியது. எதிரணி விடவில்லை. "அவன்தான் வளர்ந்துட்டானே, இன்னும் என்ன மூணு தடவை?" அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிட்டது. பந்துக்காரன் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனைச் சமாதானப்படுத்தி அழைத்துவந்தால் மறுபடியும் வாக்குவாதம். கடைசியில் அந்தப் பொடியனே சொன்னான்: "எனக்கும் ஒரு தடவையே போதும்."

ஒரு பெரியவர் அங்கே நின்றிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ப்பு சொல்லியிருப்பார். சண்டை அடங்கியிருக்கும். அந்தப் பையன் வாய் திறந்திருக்கவே மாட்டான். இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன்: தங்கள் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்.

அந்த இடம் எவ்வளவு வேகமாகச் சுருங்கியது தெரியுமா? இங்கிலாந்தில் 1971-இல், ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கெடுத்துச் சொன்னது. சாலை விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் குறைந்துதான் இருந்தது. ஆனால் சாலை பாதுகாப்பானதாக ஆகிவிடவில்லை, பிள்ளைகளைத்தான் சாலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்றார்கள் அவர்கள். பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். வண்டிகள் பறக்கிற தெருவில் யார்தான் பிள்ளையைத் தனியாக விடுவார்கள்? வண்டிகளை மெதுவாக ஓடவைப்பதல்லவா முதல் வேலை?

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். டென்மார்க்கில் 1943-இல் எம்ட்ரப் என்ற இடத்தில், சோரன்சென் என்பவரின் யோசனைப்படி, பழைய பலகையும் செங்கல்லும் கிடக்கும் மைதானம் ஒன்றைப் பிள்ளைகளுக்காகத் திறந்தார்கள். அங்கே வேண்டியதை அவர்களே கட்டலாம், இடிக்கலாம். அதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், முடியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் பிள்ளைகள் விளையாடும்போது சண்டைச் சத்தம் கேட்டால், உடனே எழுந்து போகாதீர்கள். அடிதடி இல்லையென்றால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். வணக்கம்.