இடக்கையும் கட்டைக் குரலும்

வணக்கம் நேயர்களே.

அறிவிப்பாளர் என்னைத் 'திருமதி' என்று அறிமுகம் செய்ததையும், அதற்குப் பின் உங்கள் வானொலிப்பெட்டியில் ஒலிக்கத் தொடங்கிய இந்தக் குரலையும் பொருத்திப் பார்த்து, நிலையத்தில் ஏதோ ஆள் மாறிவிட்டது என்று உங்களில் சிலர் இந்நேரம் எண்ணியிருக்கக்கூடும். ஆள் மாறவில்லை. பதினைந்து வயதிலிருந்து எனக்கு இதே கட்டைக் குரல்தான். போதாக்குறைக்கு நான் இடக்கைக்காரியும் கூட. இவ்விரண்டையும் நான் கேட்டு வாங்கவில்லை. இவற்றால் பெரிய இடர் எதுவும் எனக்கு நேர்ந்ததும் இல்லை. ஆனால் கொழும்பில் நாற்பது ஆண்டுகளாக இவை இரண்டையும் பற்றி நாளுக்கு ஒருவருக்காவது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த விளக்கம் சொல்லும் சலிப்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில், இராமகிருஷ்ண வீதி முனையில் நின்றுகொண்டு முச்சக்கர வண்டிக்குச் சொல்லியிருப்பேன். சாரதி தொலைபேசியில் அழைத்து, "சேர், எங்க நிக்கிறீங்கள்?" என்பார். மருந்துக்கடைக்கு முன்னால் என்பேன். வண்டி வந்து என் காலடியிலேயே நிற்கும். சாரதியோ என்னைத் தாண்டி, கடை வாசலில் நிற்கும் ஏதோவோர் ஆண்மகனைத் தேடிக்கொண்டிருப்பார். நான் ஏறி அமர்ந்தால், "இது வேற ஆளுக்கு வந்த வண்டி, அக்கா" என்பார். அப்போது நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்ததும் அவர் முகத்தில் தோன்றும் குழப்பத்தைப் போக்க, வீடு போய்ச் சேரும் வரை எனக்குத் தடிமனா, தொண்டையில் ஏதும் வருத்தமா என்ற விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

வங்கி அழைப்பு இதைவிட ஒரு படி மேல். அட்டை தொலைந்துபோன ஒரு நாள், அதை நிறுத்திவைக்கச் சொல்லி அழைத்தபோது, மறுமுனையில் இருந்த பிள்ளை மிகுந்த மரியாதையோடு, "கணக்குக்கு உரியவவை ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ" என்றார். நான்தான் அவ என்றேன். அவர் நம்பவில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னேன். நம்முடைய பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதையும் குறிக்கும்; பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 ஐக் கூட்டிவிடுவார்கள். ஆகவே நான் பெண் என்பதற்கு அரசாங்கமே இலக்கத்தில் சாட்சி சொல்கிறது. அதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லி, அவர் தம் மேலதிகாரியிடம் கேட்டு வந்து, அட்டையை நிறுத்துவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

குரல்நாண்கள் நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால் அவை மெதுவாக அதிரும். மெதுவாக அதிர்ந்தால் குரல் தாழும். பெரும்பாலான ஆண்களுக்குப் பருவ வயதில் இது நிகழ்கிறது. பெண்களில் சிலருக்கும் அமைப்பு அப்படி வாய்த்துவிடுகிறது. இதை ஒரு சிறு அட்டையில் அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

கையின் கதை இன்னும் பழையது. உலகில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். மீதி ஒன்பது பேருக்காகத்தான் பொருள்கள் செய்யப்படுகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், விரல்கள் கொடுக்கும் அழுத்தம் அலகுகளை ஒன்றோடொன்று நெருக்காமல் விலக்கிவிடுகிறது. துணி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போகும். மேசையில் பூட்டித் தேங்காய் திருவும் கருவியின் கைப்பிடி வலப்பக்கம் சுழலும். தையல் இயந்திரத்தின் சக்கரமும் வலப்பக்கந்தான். ரியூசன் வகுப்புக் கதிரைகளில் எழுதும் பலகை வலக்கைப் பக்கம் பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், இரண்டு மணி நேரம் இடுப்பைத் திருப்பி எழுதிவிட்டு எழுந்தால் வீடு வரும் வரை உடல் நேராகாது. தமிழ் இடமிருந்து வலமாக எழுதப்படுவதால், மைப்பேனையால் எழுதியதை எழுதிய கையே அழித்துக்கொண்டு போகும். என் கொப்பிகள் எல்லாம் புகை படிந்தவை போலவே இருந்தன.

இவையெல்லாம் பழகிவிடும். பழகாதது கேள்வி. சின்ன வகுப்பில் ஓர் ஆசிரியை அடிமட்டத்தால் விரல் மொழியில் தட்டி, "சோற்றுக்கை எங்கே?" என்று கேட்பார். கடையில் இடக்கையால் காசு நீட்டினால், கடைக்காரர் வாங்காமல் என் முகத்தைப் பார்ப்பார். கோயிலில் திருநீறு வாங்கும்போது மட்டும் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை, அம்மாவின் கண் பின்னால் நின்றதால். வலம் வருவதும் வலக்கால் வைத்து வருவதும் நல்லவை என்றும், இடக்குப் பண்ணுவது கெட்டது என்றும் சொல்லிப் பழகிய மொழியிடம் ஒரு சிறுமி என்ன நியாயம் கேட்க முடியும்?

ஆனால் எங்கள் கோயில் நடராசரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. அவர் தூக்கி ஆடுவது இடக்காலை. அவரிடமும் ஒருவர் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்: ஊன்றிய கால் நோகுமே என்று இரங்கிய பாண்டிய மன்னனுக்காக, மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் அவர் கால் மாறி ஆடினார் என்கிறது திருவிளையாடல். கேட்டவர் இரக்கத்தோடு கேட்டார் என்பதைக் கவனியுங்கள். அடிமட்டம் எதுவும் அங்கே பேசப்படவில்லை.

கிரிக்கெட் மைதானத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுவது வேறொரு வேடிக்கை. 1996 இல் உலகக் கிண்ணம் வென்ற நம் அணியில் அர்ஜுன ரணதுங்க, சனத் ஜயசூரிய, அசங்க குருசிங்க ஆகிய மூவரும் இடக்கைத் துடுப்பாட்டக்காரர்கள். 2001 இல் இதே கொழும்பில், எஸ்.எஸ்.சி. மைதானத்தில், சிம்பாப்வேக்கு எதிராக 19 ஓட்டங்களுக்கு 8 இலக்குகளைச் சாய்த்த சமிந்த வாசின் கையும் இடக்கைதான். அந்தக் கையை மாற்றச் சொல்லி எந்த வீட்டு வானொலிக்கு முன்னாலும் எவரும் முணுமுணுத்ததாக நான் கேட்டதில்லை.

நுளம்புகளைப் பற்றியும் ஒரு சொல். நால்வர் அமர்ந்திருந்தால் அவை என்னைத்தான் தேடி வரும். மூச்சில் வெளியேறும் காபனீரொட்சைட்டும், தோலின் மணமும், உடற்சூடும் அவற்றை ஈர்க்கின்றன என்பார்கள். அவை எதையும் கேட்காமல் கடித்துவிட்டுப் போய்விடுகின்றன. பக்கத்தில் இருப்பவர்தான், "உங்களுக்கு இரத்தம் இனிப்பு" என்று தொடங்குவார்.

இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கையின் மகனும் இடக்கைக்காரன். வயது ஏழு. அவனுடைய ஆசிரியை அவனை ஒன்றும் சொல்வதில்லை; மேசையின் இடப்பக்க ஓரத்தில் இடம் கொடுத்திருக்கிறாராம், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாமல் எழுதுவதற்கு. வீட்டிலும் கேள்வியில்லை. எழுதுவதும் உண்பதும் ஒரே கையால். சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனருகே அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சற்றுமுன் அவனுடைய கொப்பியில் நான் இடக்கையால் ஒரு யானை வரைந்து கொடுத்திருந்தேன். அவன் என் தட்டையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, கீறுறது அந்தக் கையால எண்டால், சாப்பிடுறது மட்டும் ஏன் இந்தக் கையால?" என்று கேட்டான்.

நான் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.