இரண்டாவது விண்ணப்பம்

நேயர்களுக்கு வணக்கம். ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் இடமில்லை என்று சொல்லிவிட்டது. வேறொரு கல்லூரியில் சேர்ந்து ஒரு செமஸ்டரும் ஓடிவிட்டது. அதே பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு மறுபடி விண்ணப்பிக்கலாமா? அமெரிக்காவில் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நானும் அப்படி விண்ணப்பித்தவன்தான்.

தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹார்வர்டு 2008-இல் விடுதியில் இடமில்லை என்று இரண்டு ஆண்டுகளுக்கு டிரான்ஸ்ஃபரையே நிறுத்தி வைத்தது. பிரின்ஸ்டன் 1990-இல் மூடிய கதவை 2018-இல்தான் திறந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் இதற்கு நேர் எதிர். அந்த மாநிலத்து கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர் அரசுக் கல்லூரி) மாணவர்கள், குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட கிரேடோடு முடித்தால் டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு வளாகங்களில் உறுதியாக இடம் வாங்கலாம். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் அந்த ஏற்பாட்டில் இல்லை.

அப்புறம் காலக் கணக்கு. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மார்ச் மாதம் கெடு. முதல் வருடமே விண்ணப்பித்தால் கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர் மதிப்பெண். மற்றதெல்லாம், போன வருடம் அவர்கள் பார்த்து வேண்டாம் என்ற அதே பள்ளிக்கூட மதிப்பெண்தான். இரண்டாம் வருடம் என்றால் மூன்று செமஸ்டர் காட்டலாம். எனக்கு இது உறைக்கவில்லை. அவசரப்பட்டுப் போட்டேன், மறுபடியும் இல்லை என்றார்கள்.

ஏன் மாற விரும்புகிறேன் என்று அந்த விண்ணப்பத்தோடு எழுதிய கட்டுரையை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. "உங்கள் வளாகத்தில் படிப்பது என் சிறுவயதுக் கனவு" என்று தொடங்கி, நான் படித்த கல்லூரியைப் பற்றி இரண்டு பத்திப் புலம்பல். வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண் வீட்டுக்கு மறுபடி எழுதிய கடிதம் மாதிரி!

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தபோது, மிட்டெர்ம் ரிப்போர்ட் படிவத்தோடு பேராசிரியர்களைத் தேடி அலைந்தேன். செமஸ்டர் பாதியில் இந்தப் பாடத்தில் என்ன கிரேடு என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கணிதப் பேராசிரியர் பேனாவை மூடாமலே கேட்டார்: "இங்கே உனக்கு என்ன குறை?"

குறை ஒன்றுமில்லை சார் என்றேன். மொழியியலில் இங்கே இருப்பது இரண்டே பாடம், இரண்டையும் முடித்துவிட்டேன். என் பாட்டியும் தம்பியும் 'ழ' சொல்வதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அதை அளந்து பார்க்க ஒலியியல் ஆய்வகம் இல்லை, அவ்வளவுதான். "சரி, இதைத்தானே எழுதியிருக்கிறாய்?" என்றார். இல்லை. அன்று இரவே பழைய வரைவைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரிடம் சொன்னதையே எழுதினேன். கனவு என்ற சொல்லே அதில் வரவில்லை. அந்தத் தடவை இடம் கிடைத்தது.

கிடைத்த சந்தோஷத்தில் நான் கேட்க மறந்ததை நீங்கள் மறக்காதீர்கள். நிதியுதவி டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கும் உண்டா, முடித்த பாடங்களில் எதற்கெல்லாம் கிரெடிட் தருவார்கள் என்று சரி சொல்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். எனக்கு இரண்டு பாடம் அடிபட்டது. அவற்றுக்கு ஈடுகட்ட ஒரு கோடை விடுமுறை முழுக்க வகுப்பிலேயே போனது.