முதுநகரில் இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்கள் புதுச்சேரியோடு நின்றுவிடுகிறார்கள். சிதம்பரம் போகிறவர்களுக்குக் கடலூர் பஸ்ஸில் தூங்கிக் கழிகிற ஊர். அப்படியே ஊருக்குள் வந்தாலும் நேரே சில்வர் பீச்சுக்குப் போய், சுண்டல் வாங்கித் தின்று, காலை நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கடற்கரை சாயங்காலத்துக்கு இருக்கட்டும். விடியற்காலையில் கடலூரின் துறைமுகப் பகுதியான முதுநகரில் இறங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ரயிலில் வந்தால் கடலூர் துறைமுகம் சந்திப்பு. புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தால் சுமார் 22 கிலோமீட்டர், கெடிலம் ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தெற்கே.

துறைமுகம் உப்பனாற்றின் கரையில் இருக்கிறது. முன்பெல்லாம் ஆழம் போதாததால் பெரிய கப்பல் உள்ளே வராது. கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்குவதே இந்தத் துறைமுகத்தின் வழக்கமாக இருந்தது. இன்று நீங்கள் பார்க்கப் போவது விசைப்படகுகளையும் ஃபைபர் படகுகளையும். படகு கரை சேர்ந்ததும் கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் விடுகிறவர் தொகையைச் சொல்லும் வேகம் வெளியூர்க்காரர் காதில் ஏறவே ஏறாது. சுற்றி நிற்கும் பெண்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவர்களில் ஒருவரை மட்டும் நின்று கவனியுங்கள். சங்கரா மீனைத் தூக்கி, கட்டை விரலால் செவுளை விலக்கி நிறம் பார்ப்பார். வயிற்றை ஒரு அமுக்கு அமுக்குவார். கண்ணைப் பார்ப்பார். அப்புறம்தான் வாயைத் திறந்து விலை கேட்பார். மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் அதற்குள் கைமாறி, ஐஸ் போட்ட பெட்டிகளில் ஏறியிருக்கும். அங்கே எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். வழியை மறித்து நிற்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இந்தக் காட்சிக்காகவே வருகிறவர்கள் அந்த 61 நாளைத் தவிர்த்துவிடலாம்.

முதுநகர்த் தெருக்களில் வெயில் ஏறும் முன்பே நடந்துவிடுங்கள். விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாள் பிறந்த ஊர் இது. 1927-ல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் சேர்ந்து, சின்னஞ்சிறு மகளோடு சிறைக்குப் போனவர். சிறை என்றதும் பாரதியாரையும் சொல்ல வேண்டும். 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி வந்தவரைக் கைது செய்து அடைத்தது கடலூர்ச் சிறையில்தான். புதுச்சேரியில் பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த ஊருக்குள் நுழைய வேண்டும் என்பது என் ஆசை.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்கு நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், 'சொற்றுணை வேதியன்' என்று பாடி, அந்தக் கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்தார் என்பது ஐதீகம். அவர் கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். கரை ஏறியவர் நேரே வந்து 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று பாடியது இந்தச் சன்னிதியில். அந்தப் பதிகத்தைத் தெரிந்தவர்கள் அங்கே நின்று வாய்விட்டுப் பாடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு. நல்ல மெஸ் எது என்று ஆட்டோக்காரரைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

வெயில் தாழ்ந்ததும், சில்வர் பீச் இருக்கிற தேவனாம்பட்டினம். புனித டேவிட் கோட்டை இருந்த இடம் இங்கேதான், கெடிலம் கடலைத் தொடுகிற பக்கம். 1690-ல் மராட்டியரிடமிருந்து கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையுள்ள ஊர்களும் தனக்கே என்று பேரம் பேசியிருந்தது. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் கம்பெனி வசமாயின. அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, தென்னாட்டில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்ததும் இந்தக் கோட்டை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதையும் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். ஆகவே செஞ்சி மாதிரி மதிலைத் தேடாதீர்கள். மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஆனாலும் கதை தெரிந்து அந்த மணலில் நடப்பது வேறு.

2004 சுனாமி இந்தக் குப்பத்தையும், உப்பனாற்றுக்கு அக்கரையில் இருக்கிற சோனங்குப்பம், சிங்காரத்தோப்பையும் வாரிச் சுருட்டியது. ஏழு வருஷம் கழித்து, 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல். இரண்டையும் பார்த்தவர்கள்தான் இன்றும் படகு தள்ளுகிறார்கள். அவர்கள் 'அந்தப் பக்கம் இறங்காதே' என்று சொன்னால் தயவுசெய்து கேளுங்கள். முகத்துவாரத்தில் தண்ணீர் இழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

நாள் பார்த்து வர முடிகிறவர்கள் மாசி மகத்துக்கு வாருங்கள். சுற்று வட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் வரும். கூட்டத்தில் வண்டி நுழையாது, நடக்கத்தான் வேண்டும். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளை மட்டும் இந்த ஒரு நாளுக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். எதிரே மலை மேல் ஹயக்கிரீவரையும் சேவிக்க வேண்டுமே. அதற்கென்று தனியாக ஒரு காலைப் பொழுது வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.