உள்ளங்கை இலைப் பெட்டி 300 வேண்டுமாம்!

வணக்கம் உறவுகளே. ஒரு நிமிடம், இந்தப் பிளேன்டீயைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். போன முறை மைக்கில் ஊற்றியதை நீங்கள் இன்னும் கொமன்டில் சொல்லிக் காட்டுகிறீர்கள்.

இன்றைக்குப் பனையோலைக் கடகம் பின்னுவதில் இரண்டாம் பகுதி போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த கிழமை. எனக்கு இப்போது இருக்கும் கொதியில் ஓலையைத் தொட்டால் ஓலை கிழிந்துவிடும். லண்டன் ஓடர் என்று சொல்லி ஒரு கள்ளன் என்னை ஏமாற்றப் பார்த்த கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

மூன்று கிழமைக்கு முன்னர், இரவு பத்தரை மணி இருக்கும், வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. லண்டன் இலக்கம். "அன்பான விற்பனையாளர் சகோதரி, உங்கள் உள்ளங்கை இலைப் பெட்டி 300 எனக்கு அவசரமாகத் தேவை." இரண்டு தரம் வாசித்தேன். உள்ளங்கையில் எங்கே இலை? பிறகுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் பனைக்கும் உள்ளங்கைக்கும் ஒரே சொல். ஏதோ ஒரு மெஷின் பனையோலையை உள்ளங்கை இலை ஆக்கிவிட்டது. ஆளோ தான் லண்டனில் தமிழ்ச் சனத்துக்குக் கடை நடத்துவதாகச் சொல்கிறார். தமிழ்க் கடை முதலாளிக்கு நீத்துப்பெட்டி என்ற சொல் தெரியாதா? புட்டு அவிக்காத வீடா?

அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏனென்றால் 300. இந்தச் சனலை ஆரம்பத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய ஓடர் 40. அந்த 40க்கே நான் ஒரு வீடியோ போட்டு அழுதவள். 300 என்றதும் கண் மறைத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். ஆள் விலை பேசவே இல்லை. கனடாவில் ஒரு அக்கா இருக்கிறார், ஸ்காபரோவில். நான்கு நீத்துப்பெட்டிக்கு இருபது நிமிடம் பேரம் பேசுவார், கடைசியில் ஒரு சுளகு இனாமாகவும் கேட்பார். எனக்கு அவரைப் பிடிக்கும், உண்மையாக வாங்குகிறவர் அப்படித்தான் இருப்பார். இவரோ 200 நீத்துப்பெட்டி, 100 கடகம், 960 பவுண் என்று நான் கணக்கு அனுப்பியதும் ஒரே சொல்லில் "சம்மதம்". அனுப்பும் செலவு எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தச் செலவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பனையோலைச் சாமானுக்குக் கூரியர்காரர் தராசில் வரும் நிறைக்குக் காசு எடுப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000 ஆல் பிரித்து, வருகிற எண்ணைக் கிலோவாக எடுப்பார்கள். இதோ, இந்தப் பெட்டி 60க்கு 50க்கு 40. பெருக்கினால் 1,20,000. பிரித்தால் 24 கிலோ. உள்ளே இருப்பது எத்தனை கிலோ தெரியுமா? ஆறு! ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியும் ஆறு. மிச்சம் 18 கிலோவுக்கு நான் திருகோணமலைக் காற்றை அனுப்பக் காசு கட்டுகிறேன். கடற்காற்று, நல்ல காற்றுதான், அதற்காக இந்த விலையா? ஓலைச் சாமானை வெளிநாட்டில் இருந்து வாங்குகிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான். சாமானைவிடக் கூலி கூட. இதைக் கேட்காத ஒருவர் சாமானை வாங்க வரவில்லை.

பெட்டி என்றதும் ஞாபகம் வந்தது. அந்த ஓடருக்கென்று 14 காட்போட் பெட்டி வாங்கினேன். ஒன்று 380 ரூபா, மொத்தம் 5,320. விறாந்தையில் அடுக்கி வைத்தேன். விடியப் பார்த்தால் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று நின்று சாப்பிடுகிறது. எங்கள் ஊர் மானைப் பற்றி வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் இருந்து வெளியே வந்து தெருவெல்லாம் மாடு மாதிரித் திரியும். இரண்டு பெட்டியின் ஓரத்தை முழுசாகக் கடித்து வைத்திருந்தது. 760 ரூபா. மானிடம் ரசீது கேட்க முடியுமா?

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் இரண்டே முக்கால். ஆள் ஒரு பிடிஎப் அனுப்புகிறார். வங்கியின் சின்னம், முத்திரை, கையெழுத்து, எல்லாம் வடிவாக இருக்கிறது. சுவிப்ட் கொப்பி என்றார், அதாவது வங்கி வெளிநாட்டுக்குக் காசு அனுப்பியதற்கான சான்று. அதில் 1,460 பவுண் அனுப்பியதாக இருக்கிறது. நான் கேட்டது 960. மிச்சம் 500 எதற்கு என்று கேட்டேன்.

ஐயோ, இதை முதலே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். கூரியர் வேண்டாம், தன்னுடைய கார்கோ ஏஜென்ட் கொழும்பில் இருந்து வந்து வீட்டிலேயே ஏற்றுவார், விமானத்தில் போகும் என்று அதற்கு முதலே சொல்லியிருந்தார். அந்த 500 பவுண் ஏஜென்டுக்காம். காசு என் கணக்குக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் எடுக்கும், ஏஜென்ட் நாளைக்கே வருகிறார், அதனால் நான் என் கைக்காசில் 2 லட்சம் ரூபாவை இன்றைக்கே அவருடைய கணக்கில் போட்டுவிட வேண்டுமாம். பவுணை 400 என்று வைத்தால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது, பாருங்கள். கணக்கில் பிழை விடாத கள்ளன். ஏஜென்டின் கணக்கோ ஒரு கம்பனியின் பெயரில் இல்லை. தனி ஆளின் பெயர்.

ஏன் வெள்ளிக்கிழமை இரண்டே முக்கால் என்று பின்னர்தான் விளங்கியது. வங்கி மூன்று மணிக்கு மூடிவிடும். சனி, ஞாயிறு யாரிடமும் கேட்க முடியாது.

இப்போது நீங்கள் "அக்கா கெட்டிக்காரி, கண்டுபிடித்திருப்பார்" என்று நினைப்பீர்கள். இல்லை. நான் போனை எடுத்து, அந்தக் கணக்கு இலக்கத்தை அடித்து, 2,00,000 என்றும் போட்டுவிட்டேன். ஆப் விடவில்லை. என்னுடைய ஒரு நாள் வரம்பு 1 லட்சம். அவ்வளவுதான் என்னைக் காப்பாற்றியது. அந்த வரம்பை நான் எத்தனை வீடியோவில் திட்டியிருக்கிறேன்!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் செய்திக்கு மேல் செய்தி. ஏஜென்ட் காத்திருக்கிறார், விமானத்தில் இடம் போய்விடும், உங்களை நம்பினேனே சகோதரி. வீடியோ கோல் எடுங்கள் என்றால் மட்டும் கமெரா பழுது.

திங்கட்கிழமை காலை வரம்பைக் கூட்டத்தான் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. எதற்கு அக்கா கூட்டுகிறீர்கள் என்று கேட்டது. நான் பெருமையாகப் போனைக் காட்டினேன். லண்டன் ஓடர் அல்லவா.

பிள்ளை பிடிஎப்பைப் பெரிதாக்கிப் பார்த்தது. பேசவில்லை. ஒரு பேனையை எடுத்து, திரையில் தொடாமல், ஒவ்வொரு எழுத்தாக எண்ணியது. அப்புறம் சொன்னது: "அக்கா, சுவிப்ட் கோட் 8 எழுத்து, இல்லாவிட்டால் 11. முதல் நான்கு வங்கி, ஐந்தாவதும் ஆறாவதும் நாடு. எங்களுக்கு எல்கே. பிரித்தானியாவுக்கு ஜிபி. இதில் யூகே என்று இருக்கிறது." வீட்டுக் கடிதத்தில் நாங்கள் எழுதும் யூகேயை அந்தக் கள்ளன் கோட்டுக்குள் போட்டுவிட்டான்!

அதோடு நிற்கவில்லை. கீழே ஒரு நீளமான இலக்கம் இருந்தது, யூஈடிஆர் என்று. ஒவ்வொரு சர்வதேசப் பணப் பரிமாற்றத்துக்கும் அது தனித்தனி. நடுவில் வரும் கோடுகளோடு 36 இடம். 0 முதல் 9 வரை இலக்கம், ஏ முதல் எஃப் வரை எழுத்து, அவ்வளவுதான் அதில் வரலாம். மூன்றாவது துண்டு எப்போதும் 4 இல் தொடங்கும். இவருடையது 7 இல் தொடங்குகிறது, நடுவில் ஒரு 'கே' வேறு. உண்மையான இலக்கமாக இருந்தால் காசு இப்போது எந்த வங்கியில் நிற்கிறது என்று அவர்களால் தேடிப் பார்க்க முடியுமாம். இதைத் தேடவே தேவையில்லை அக்கா என்று பிள்ளை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் நடுங்கியது.

அதற்காக நீங்கள் எழுத்து எண்ணிப் படிக்க வேண்டாம். அடுத்த கள்ளன் ஜிபி என்று சரியாகப் போடுவான். எவ்வளவு வடிவான கொப்பியாக இருந்தாலும் அது காகிதம். என் கணக்கில் காசு விழுந்துவிட்டது, இனித் திரும்பாது என்று என் வங்கி சொல்லும் வரை ஒரு நீத்துப்பெட்டியும் படி இறங்காது. கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இன்னாருக்குக் கொடு என்று எவர் சொன்னாலும், அது சுத்துமாத்து. கூட அனுப்பியவர் தன் வங்கியில் போய்த் திருத்தட்டும்.

வீட்டுக்கு வந்து, முதலே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பிரித்தானியாவில் கம்பனிஸ் ஹவுஸ் என்று அரசாங்கப் பதிவேடு இருக்கிறது. கம்பனியின் பெயரை அடித்தால் எப்போது பதிந்தது, இயங்குகிறதா, எல்லாம் இலவசமாக வரும். இவர் சொன்ன பெயரில் ஒன்று இருந்தது. கலைக்கப்பட்டது என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. ஆனால் இயங்கும் கம்பனி என்று வந்தாலும் துள்ளாதீர்கள். நல்ல கம்பனியின் பெயரை எடுத்து, ஈமெயிலில் ஒரு எழுத்தை மாற்றி எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பதிவேட்டில் இருக்கும் விலாசத்தையும் அவர் தந்த விலாசத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கொமன்டில் ஒரு தம்பி, நிலாவெளிப் பக்கம் என்று நினைக்கிறேன், சிரட்டைச் சாமான் செய்கிறவர், கேட்டிருந்தார்: பேபாலில் காசு வந்து நிற்கிறது, பார்சல் இலக்கத்தை அனுப்பினால்தான் விடுவிப்போம் என்று மெயில் வந்திருக்கிறது, அனுப்பவா? தம்பி, மெயிலில் இருக்கும் லிங்கைத் தொடாதீர்கள். நீங்களாக உங்கள் கணக்கைத் திறந்து மீதியைப் பாருங்கள். இலங்கைக் கணக்குகளில் இருந்து பேபாலில் காசு அனுப்பத்தான் முடியும், வாங்க முடியாது என்பதுதான் நீண்ட காலமாக இருந்த நிலைமை. அது தெரியாமல்தான் அந்தக் கள்ளன் எழுதுகிறான். வெளிநாட்டுச் செக்கும் வேண்டவே வேண்டாம். கணக்கில் காசு ஏறின மாதிரிக் காட்டும், கிழமைக்கணக்கில் கழித்துத் திரும்பிவிடும். அதற்குள் சாமான் போய்விடும்.

விமானம் என்று அவர் ஏன் ஒற்றைக்காலில் நின்றார் என்பதை என் மச்சான் சொல்லித்தான் தெரியும். அவர் கொழும்பில் கப்பல் வேலை. கப்பலில் போனால் பில் ஒஃப் லேடிங், அதாவது சாமானைக் கப்பலில் ஏற்றியதற்கான பத்திரம், அதன் மூலப் பிரதியைக் கையில் வைத்திருக்கலாம். நேரே வாங்குகிறவர் பெயருக்கு எழுதாமல் 'டு ஓடர்' என்று எழுதிய பில் என்றால், அந்தக் காகிதம் இல்லாமல் அங்கே சாமான் எடுக்க முடியாது. காசு வந்த பிறகு காகிதத்தைக் கொடுக்கலாம். விமானத்தில் வரும் எயார்வே பில் அப்படி இல்லை. அது சாமானுக்கு உரிமைப் பத்திரம் அல்ல. அதில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் போய் எடுத்துவிடலாம். பெரிய ஓடர் செய்கிறவர்கள் வங்கி மூலம் எல்சி, அதாவது காசுக்கு வங்கியே பொறுப்பு நிற்கும் கடிதம், திறக்கச் சொல்லலாம், நான் விற்கும் அளவுக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாது. வாங்குகிறவர் காசு தராவிட்டால் ஈடு செய்ய ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் என்று ஒன்றும் இருக்கிறது, 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதைப் பற்றி மச்சானை உட்கார வைத்து ஒரு வீடியோ எடுக்கிறேன், அவர் கூச்சப்படாவிட்டால்.

அந்தச் செய்திகளையெல்லாம் நான் அழிக்கவில்லை. ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கணக்கு இலக்கத்தையும் சேர்த்து, பொலிஸில் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் நடந்திருந்தால், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கும் எழுதுங்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். இந்த வீடியோவைப் போடவா விடவா என்று நானே இரண்டு நாள் யோசித்தேன். மாமி "ஊருக்கெல்லாம் சொல்லப் போறியா" என்று கேட்டார். சொல்லத்தான் போகிறேன் மாமி.

எனக்கு உண்மையில் மனம் நொந்தது காசுக்காக அல்ல. மூதூரில் இருந்து பின்னித் தரும் அம்மாவுக்கு நான் 30,000 ரூபா முற்பணம் கொடுத்து, கெதியாகப் பின்னுங்கள் என்று நெருக்கியிருந்தேன். அவர் தன் மகளையும் மருமகளையும் உட்கார வைத்து 110 முடித்துவிட்டார். கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் நேரில் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "ஓலை பழுதாகாது பிள்ளை" என்றார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஓட்டோவில் அழுதேன்.

அந்த 110 இல் 40 போய்விட்டது. வேறு யார், ஸ்காபரோ அக்காதான். முதல் அரைவாசிக் காசு, அனுப்ப முதல் மிச்சம், இனிப் புது ஆள் என்றால் முதல் ஓடர் 20க்கு மேல் இல்லை என்று என்னுடைய புதுச் சட்டத்தை அவரிடம் சொன்னேன். "நான் புது ஆளாடி?" என்று கோபித்தார், ஆனாலும் முழுக் காசையும் போட்டுவிட்டார். நேற்று வங்கிப் பிள்ளை உறுதிப்படுத்தியது. பேரம் முப்பத்தைந்து நிமிடம். இரண்டு சுளகு இனாம்.

மிச்சம் 70 இருக்கிறது, விலை கீழே போடுகிறேன். மான் கடித்த பெட்டியில் வந்தால் கோபிக்க வேண்டாம், உள்ளே சாமான் நல்லது. அடுத்த கிழமை கட்டாயம் கடகம், விளிம்பு கட்டுவது... ஏய்! ஏய், விடு, அது 380 ரூபா! ஒரு நிமிடம் உறவுகளே, திரும்ப வந்துவிட்டது.