ஸ்ட்ராபெர்ரியைப் பழமாகவே சாப்பிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்ட்ராபெர்ரி பிடிக்காத குழந்தையைப் பார்ப்பது அரிது. ஆனால் எப்படிச் சாப்பிட்டாய் என்று கேட்டால் ஐஸ்கிரீம், மில்க் ஷேக், ஜாம் என்றுதான் பதில் வருகிறது. ஓர் ஊட்டச்சத்து ஆலோசகராக இது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பழத்தின் அருமையெல்லாம் அதை அப்படியே கடித்துத் தின்பதில் இருக்கிறது.

நடுத்தர அளவில் எட்டுப் பழம் எடுத்தால் ஏறக்குறைய 100 கிராம் வரும். அதில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். சர்க்கரை 5 கிராம், நார்ச்சத்து 2 கிராம், மொத்தமே 32 கலோரி. வைட்டமின் சி மட்டும் 59 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 65 மில்லிகிராம் என்றால் கணக்கு புரியும். ஜாமுக்காகக் கொதிக்கவைக்கும்போது இந்தச் சத்து குறைகிறது. சர்க்கரையோ பல மடங்கு கூடுகிறது.

ரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் நன்றாக ஏற்கும். சாப்பிட்டவுடன் டீ குடிப்பது அதைத் தடுக்கும். அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, நான்கைந்து பழம் சாப்பிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி கட்டுப்படியாகாதா? கவலையே வேண்டாம், கொய்யா வாங்குங்கள். அதில் வைட்டமின் சி இதைவிட மூன்று மடங்குக்கு மேல்.

பழத்துக்குச் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அமெரிக்காவில் 93,600 பெண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நிறமியை உணவில் அதிகம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பழம்தான் காரணம் என்று அதை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் நம்பிக்கை தரும் செய்தி.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ பெட்டியாக வாங்கினால், தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலே செக்கச்செவேல் என்றிருக்கும். அடியில் காம்போரம் வெளுத்த பழங்கள் கிடக்கும். வீட்டில் வைத்தால் பழுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பறித்த பிறகு இது நிறம் மாறுமே தவிர இனிப்பு ஏறாது. காம்பைக் கிள்ளாமல், ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கிள்ளிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பழம் சப்பென்று ஆகிவிடும். சாப்பிடும் நேரத்தில் கழுவினால் போதும், ஈரத்தோடு எடுத்துவைத்தால் மறுநாளே பூஞ்சை பிடிக்கும்.

சிலருக்கு இதைத் தின்றதும் உதடு அரிக்கும், உடலில் தடிப்பு வரும். குழந்தைக்கு முதல்முறை கொடுக்கும்போது அரைப் பழம் கொடுத்துப் பாருங்கள்.

வணக்கம்.