அசபை: மூச்சின் வழியே ஒரு தியானம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருவாரூரில் தியாகராசப் பெருமான் ஆடும் ஆடலுக்கு அசபா நடனம் என்று பெயர். திருமால் சோமாஸ்கந்த மூர்த்தியைத் தம் மார்பில் வைத்துப் பூசித்து வந்தார் என்றும், அவர் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் மார்பு உயர்ந்து தாழ்ந்ததற்கு ஏற்பப் பெருமானும் அசைந்தாடினார் என்றும், பெருமான் வீதியில் எழுந்தருளும்போது அந்த ஆடலே நிகழ்த்திக் காட்டப்படுகிறது என்றும் தலமரபு கூறும். தியாகராசர் எழுந்தருளியுள்ள சப்தவிடங்கத் தலங்கள் ஏழனுள் மற்றொன்றாகிய வேதாரண்யத்துக்கு உரியது அம்சபாத நடனம். அசபை, ‘ஹம்ஸ’ என்பதன் தமிழ் வடிவமாகிய அம்சம் என்னும் இவ்விரு பெயர்களும் யோக நூல்களில் ஒரே பயிற்சியைச் சுட்டி வருகின்றன. மூச்சோடு மந்திரத்தை இணைத்துச் செய்யும் அந்தத் தியானத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். திருவாரூர்க் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆடுபவர் பெருமானே ஆனாலும் தாளத்தை அவர் வகுப்பதில்லை. திருமாலின் மூச்சு எப்படி வருகிறதோ அப்படியே ஆடலும் செல்கிறது. அசபைப் பயிற்சிக்கு உயிரான விதியும் அதுவே. பழகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவதும் அதையே.

செபிக்காமலே நடக்கும் செபம் என்பது அசபை என்னும் பெயரின் பொருள். மூச்சு ‘ஹ’ என்னும் ஒலியோடு வெளியே செல்கிறது, ‘ஸ’ என்னும் ஒலியோடு உள்ளே வருகிறது, ஆகவே உயிர் இரவும் பகலும் ‘ஹம்ஸ, ஹம்ஸ’ என்று ஓதிக்கொண்டே இருக்கிறது என்று யோகசூடாமணி உபநிடதம் கூறுகிறது. ஒரு நாளில் இச்செபம் 21,600 முறை நிகழ்வதாகவும் அந்நூல் கணக்கிடுகிறது. நாளுக்கு 60 நாழிகை என்னும் நம் பழைய அளவையில் இது நாழிகைக்கு 360 மூச்சாகும், நிமிடத்துக்கு 15. சிதம்பரத்துப் பொன்னம்பலத்தின் கூரையில் வேயப்பட்டுள்ள பொன்னோடுகள் 21,600 என்று சொல்லப்படுவதும் இந்தக் கணக்கைக் கருதியே. ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறார் என்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. முன்னோர் கணக்கு அந்த எல்லைக்குள்ளேயே அமைகிறது. ஆயினும் 360 என்பதும் 60 என்பதும் காலத்தை அளப்பதற்கு வகுத்துக்கொண்ட எண்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆயுளுக்கு இத்தனை மூச்சு என்று முன்பே எழுதியிருக்கிறது, குறைவாக மூச்சு விட்டால் அத்தனை ஆண்டு மிச்சமாகும் என்று வட்டிக் கணக்குப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையோடு உட்காருபவர் மூச்சைக் கஞ்சத்தனமாக விடத் தொடங்குவார். அங்கேயே பயிற்சி கெட்டுவிடும்.

இன்று பெரும்பாலான ஆசிரியர்கள் மூச்சு உள்ளே வரும்போது ‘ஸோ’ என்றும் வெளியே போகும்போது ‘ஹம்’ என்றும் நினைக்கக் கற்பிக்கிறார்கள். இது உபநிடதம் சொன்ன முறைக்கு மாறானதன்று. தொடங்கும் இடம்தான் வேறு. வெளிமூச்சிலிருந்து எண்ணினால் ‘ஹம்ஸ’, உள்மூச்சிலிருந்து எண்ணினால் ‘ஸோஹம்’. ஆனால் காசுமீர சைவ மரபில் ‘ஸ’ வெளிமூச்சுக்கும் ‘ஹ’ உள்மூச்சுக்கும் உரியதாக, இதற்கு நேர்மாறாகவும் சொல்லப்பட்டிருக்கிறது. எது சரி என்ற வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. உங்களுக்குக் கற்பித்தவர் சொன்ன முறையையே பின்பற்றுங்கள். கற்பிப்பவர் யாரும் இல்லையென்றால் அமைதியான அறையில் உட்கார்ந்து உங்கள் மூச்சின் ஒலியைச் சிறிது நேரம் கேளுங்கள். மூக்கின் வழியே உள்ளே இழுபடும் காற்றில் ‘ஸ’வின் சாயலும் விடுபடும் காற்றில் ‘ஹ’வின் சாயலும் இருப்பதைப் பலரால் உணர முடிகிறது. ஒன்றைத் தேர்ந்த பின் நாளுக்கொரு முறையாக மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

இனி முதலில் சொன்ன விதிக்கு வருகிறேன். மூச்சைக் கொண்டு செய்யும் யோகம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது பிராணாயாமம். திருமூலர் திருமந்திரத்தில் அதற்குத் துல்லியமான கணக்குத் தருகிறார்: இழுப்பதற்கு 16 மாத்திரை, உள்ளே நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32. ‘காற்றைப் பிடிக்கும் கணக்கறிவார் இல்லை’ என்று அவரே வருந்தியும் பாடுகிறார். அந்தக் கணக்கு அருகிலிருந்து பார்த்துத் திருத்தும் ஆசிரியரிடம், படிப்படியாக, உடலின் தாங்கும் திறமறிந்து கற்க வேண்டியது. வானொலியில் கேட்டுவிட்டுச் செய்து பார்க்கத் தக்கதன்று. அசபையில் இந்தப் பிடித்தல் என்பதே கிடையாது. மாத்திரைக் கணக்கு இல்லை, மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம் இல்லை, நாசியை மாற்றி மாற்றி அடைப்பதும் இல்லை. மூச்சு நீண்டு வந்தால் மந்திரமும் நீளும். குறுகினால் அதுவும் குறுகும். இரண்டு மூச்சுக்கு நடுவில் தானாக ஓர் இடைவெளி விழுந்தால் மந்திரமும் அந்த இடைவெளியில் காத்திருக்கும். ஒருபோதும் மந்திரம் முந்திச் சென்று மூச்சை இழுத்து வரலாகாது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இவ்விதி உட்கார்ந்தவுடன் கடினமாகிவிடுகிறது. அதுவரை தன்பாட்டில் போய் வந்துகொண்டிருந்த மூச்சு, நாம் அதைக் கவனிக்கத் தொடங்கிய நொடியிலேயே மாறிவிடுகிறது. சிலருக்கு அது ஆழமாகிறது, சிலருக்குத் திணறலாகிறது, வேறு சிலருக்கு அடுத்த மூச்சை நாமே இழுக்காவிட்டால் அது வராதோ என்ற மெல்லிய அச்சம்கூட ஏற்படுகிறது. இதற்கு உடலமைப்பே காரணம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் முதலிய பகுதிகள் மூச்சை நம்மைக் கேட்காமலே இயக்குகின்றன. உறக்கத்திலும் அது நிற்பதில்லை. அதே மூச்சைப் பெருமூளையின் வழியாக நம் விருப்பப்படி நீட்டவும் குறைக்கவும் சற்று நேரம் நிறுத்தவும் முடிகிறது. பேசுவதும் பாடுவதும் இந்த வசதியால்தான். இதயத் துடிப்பிலோ செரிமானத்திலோ நமக்கு இப்படி நேரடி உரிமை கிடையாது. தானே நடப்பதாகவும் நாம் நடத்துவதாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் இந்த எல்லையில் மனத்தைக் கொண்டுபோய் உட்கார வைப்பதால்தான் முதலில் அது நிர்வாகம் செய்யத் துடிக்கிறது.

ஆகவே தொடக்கத்தில் சில நாட்களுக்கு மந்திரத்தை எடுக்கவே வேண்டாம் என்று என்னிடம் பயில வருபவர்களுக்குச் சொல்வேன். வெளிமூச்சை மட்டும் கவனிக்கச் சொல்வேன். மூச்சு விடுவது தசைகள் தளர்வதால் நிகழ்வது. ஓய்வு நிலையில் அதற்கு எந்த முயற்சியும் தேவையில்லை. அதைப் பார்த்துப் பழகியவருக்கு, உள்மூச்சும் அழைக்காமலே வந்துவிடும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கை வந்தபின் வெளிமூச்சில் மட்டும் ‘ஹம்’ என்று நினைக்கலாம். பிறகு ‘ஸோ’ தானாக வந்து சேரும். இவ்வளவு சுற்றி வருவானேன் என்று அவசரப்படுபவர்கள்தாம், தலை கனக்கிறது என்றும் நெஞ்சு இறுகுகிறது என்றும் சொல்லிக்கொண்டு பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

உட்காரும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார முடிந்தவர்கள் அவ்வாறே உட்காரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் இரு பாதங்களும் தரையில் படியும்படி உட்கார்ந்தால் போதும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், வயிறு தளர்ந்திருக்க வேண்டும். உண்டவுடன் செய்தால் உறக்கமே மிஞ்சும். கவனத்தை நாசி நுனியில் வைக்கலாம், அல்லது தொப்புளுக்கும் தொண்டைக்கும் இடையே மூச்சு ஏறி இறங்குவதாக உணரலாம். பீகார் மாநிலம் முங்கேரில் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்த சரசுவதி கற்பித்த அசபா செபத்தில் இந்த இரண்டாம் முறை விரிவாக இடம்பெறுகிறது. என் அனுபவத்தில், நாசியில் கவனம் வைத்தால் தலை இறுகுபவர்களுக்கு இதுவே ஒத்துப்போகிறது. தொடக்கத்தில் அரை நாழிகை, அதாவது 12 நிமிடம் போதும். நேரத்தைக் கூட்டுவதைவிட நாள் தவறாமல் செய்வது பெரிது.

மந்திரத்தை எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்பதுண்டு. உரக்கச் சொல்லும் செபத்தைவிட உதடு மட்டும் அசையும் செபம் உயர்ந்தது, அதைவிட மனத்துக்குள் நிகழும் செபம் உயர்ந்தது என்று மனு நூல் வரிசைப்படுத்துகிறது. இரமண மகரிசியும் உபதேச உந்தியாரில் இதே வரிசையைச் சொல்லி, மானத செபமே தியானம் என்று முடிக்கிறார். அசபை மானதமாகவே செய்யப்படுவது. ஆனால் மனம் மிகவும் கொந்தளித்திருக்கும் நாளில் முதலில் சில நிமிடங்கள் ‘சிவசிவ’ என்றோ ‘ராம ராம’ என்றோ வாய்விட்டுச் சொல்லி, குரலைப் படிப்படியாகத் தாழ்த்தி, அதன்பின் மூச்சுக்குள் இறங்குவது பலருக்கு உதவுகிறது. ‘நான் யார்?’ என்னும் சிறு நூலில் மகரிசி ஓர் உவமை சொல்கிறார்: எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் யானையின் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்துவிட்டால் அது வேறொன்றையும் பற்றாமல் அதையே பற்றிக்கொண்டு செல்லும், மனமும் ஒரு நாமத்திலோ ரூபத்திலோ பழக்கப்பட்டால் அதையே பற்றி நிற்கும். அதே நூலில், பிராணாயாமம் மனத்தை அடக்கத் துணை செய்யுமேயன்றி அதை அழித்துவிடாது என்றும் அவர் கூறுகிறார். இந்தப் பயிற்சியிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இவ்வளவு நேர்மையான அளவுகோலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மந்திரத்தைச் செபிக்கும்போது அதன் பொருளையும் பாவிக்க வேண்டும் என்பது பிரணவத்தைக் குறித்துப் பதஞ்சலி சொன்ன சூத்திரம். ‘ஸோஹம்’ என்பதற்கு ‘அவனே நான்’ என்று பொருள். அத்வைதிகள் இதை நேரடியாக எடுத்துக்கொள்வர். நம் சைவ சித்தாந்திகளோ, உயிரும் இறைவனும் ஒரே பொருள் என்று கொள்ளாமல், தன்னைக் கருடனாகப் பாவிக்கும் கருட தியானத்தால் நஞ்சு நீங்குவதுபோல, ‘ஸோஹம்’ என்று பாவிக்கும் சோகம் பாவனையால் ஆணவம் முதலிய மலம் நீங்கும் என்று சிவஞான சித்தியார் என்னும் சாத்திர நூலின் வழியே விளக்குவர். அம்மந்திரம் தமக்கு ஒவ்வாதெனக் கருதுபவர்கள் ‘சிவ’ என்பதைப் பிரித்து உள்மூச்சில் ‘சி’ என்றும் வெளிமூச்சில் ‘வ’ என்றும் நினைக்கலாம். ஐந்தெழுத்தை ஒரே மூச்சுக்குள் அடக்க முற்பட்டால் மூச்சை நீட்ட வேண்டிவரும் என்பதால், இந்தப் பயிற்சிக்குக் குறுகிய மந்திரமே ஏற்றது.

அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு ஒரே ஓர் ஆய்வை மட்டும் குறிப்பிடுகிறேன். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. கத்தோலிக்கரின் செபமாலை மன்றாட்டை இலத்தீனில் சொல்லும்போதும், யோக மந்திரத்தைச் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கு நிதானப்பட்டதையும், இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையடைந்ததையும் அவர்கள் அளந்தார்கள். இரு சமயங்களின் மந்திரங்கள் ஒரே மூச்சளவில் வந்து நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் அங்கே வாய்விட்டு ஓதியதால் மூச்சு நீண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அசபையிலும் நாளடைவில் மூச்சு மெலிந்து நிதானப்படும். அந்த எண்ணை இலக்காக வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உட்காருவது, மூச்சைப் பின்தொடர்வது என்ற விதியையே கைவிடுவதாகும்.

ஆஸ்துமா போன்ற நோயுள்ளவர்களும் மனநலத்துக்காக மருந்து எடுத்துக்கொள்பவர்களும் தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. மூச்சைக் கவனிப்பதால் பதற்றம் கூடுகிறது என்று உணர்ந்தால் உடனே நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, மந்திரத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. உறக்கம் வந்தால் அதோடு போராடாமல் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து அமரலாம். முடிக்கும்போது மந்திரத்தை முதலில் விட்டுவிட்டு, வெறும் மூச்சோடு ஓரிரு நிமிடம் இருந்து, அதன்பின் கைகால்களை அசைத்து மெதுவாக எழுந்திருங்கள். பிறகு பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், இரவில் உறக்கம் வராமல் படுத்திருக்கும்போதும், ஆளில்லாத நேரத்தில் அடுப்படியில் நிற்கும்போதும் நாலைந்து மூச்சு இதைத் தொடரலாம். அதற்கு ஆசனமும் வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம்.

நன்றி, வணக்கம்.