அம்பு எழுதிய பட்டியல்

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் பேருந்து நிலையத்துக்கே வந்து என்னை அழைத்துவந்த செயலாளர் தம்பி அவர்களே, நாற்பது ஆண்டாக இந்த நூலகத்தின் சாவியை இடுப்பில் முடிந்து காத்த நூலகர் அம்மா அவர்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். கார்ல் ஷ்டும்ப் யார், இரண்டாம் உலகப் போரில் என்ன செய்தார், போருக்குப் பின் அவருடைய நூல் யார் கைக்குப் போனது.

1763-இல் ருஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் அழைப்பு விடுத்தார். ஜெர்மானியக் குடியானவர்கள் வோல்கா கரைக்குப் போனார்கள், பிறகு கருங்கடல் ஓரத்துக்கும் போனார்கள். அப்படிப் போனவர்களின் வழியில், இன்று உக்ரைனில் இருக்கும் ஒடெசா அருகே 1896-இல் பிறந்தவர் ஷ்டும்ப். தன் மக்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள் என்று தேடித் தேடி எழுதினார். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

1941-இல் ஹிட்லரின் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. பிடித்த கிழக்கு நிலங்களை ஆள ஹிட்லர் அரசு வைத்த கிழக்குப் பகுதி அமைச்சகத்தின் கீழ் இவர் பெயரிலேயே ஒரு குழு அமைந்தது: சோண்டர்கமாண்டோ டாக்டர் ஷ்டும்ப், அதாவது டாக்டர் ஷ்டும்ப் சிறப்புக் குழு. ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்பினார்கள். எத்தனை வீடு, 1933 பஞ்சத்தில் எத்தனை பேர் செத்தார்கள், ஸ்டாலின் ஆட்சி எத்தனை பேரை நாடு கடத்தியது, எத்தனை கலப்பு மணம். யார் ஜெர்மானியர், யார் இல்லை என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த நாள் அது. கீவ் நகரின் 'பாபின்யார்' என்ற பள்ளத்தாக்கில் ஹிட்லரின் ஆட்கள் இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்ற மண்ணில் இந்தக் கணக்கு நடந்தது. அமைச்சகத்தில் இவருக்கு மேலிருந்த கேயோர்க் லைப்ராண்ட் 1942 ஜனவரி 20-இல், யூதர்களைப் பூண்டோடு அழிக்கும் வேலையை ஒருங்கிணைக்க பெர்லினில் நடந்த வான்சே கூட்டத்தில் உட்கார்ந்தவர்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எனக்குப் பிடித்த பழமொழி. ஆனால் அம்புக்குக் கண் கிடையாது. ஷ்டும்புக்குக் கண் இருந்தது, படிப்பு இருந்தது. துப்பாக்கி தூக்கினார் என்று நான் சொல்லவில்லை. பேனா தூக்கினார்.

1981 சென்சஸில் நானும் கணக்கெடுத்தேன். அப்போது இளம் வாத்தியார். வெயில் தலையைப் பிளக்கிறது, கையில் அட்டை, சட்டைப் பையில் மை கசிகிறது. ஊர்க் கடைசிக் குடிசை. பாட்டி பனையோலை முடைந்துகொண்டிருந்தார். பேர் கேட்டேன், சொன்னார். வயசு கேட்டேன், "புயலடிச்ச வருசம் வயசுக்கு வந்தேன், நீயே போட்டுக்கோ" என்றார். சாதி கேட்டதும் ஓலை நின்றுவிட்டது. "இத எழுதி யாருகிட்ட குடுப்ப தம்பி?" என்றார். "சர்க்காருக்குப் பாட்டி." "சர்க்காருல யாருகிட்ட?" எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடித்தேன், அப்போதும் தெரியவில்லை. "தெரியாமயா எழுதுற?" என்றார். நாற்பது ஆண்டாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எய்தவன் யாரென்று அம்புதான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஷ்டும்ப் யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதினார்.

1970-களில் அவருடைய பெரிய குடிப்பெயர்வு நூல் வந்தது, 1,000 பக்கத்துக்கு மேல். ருஷ்யாவிலிருந்து அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் போன ஜெர்மானியரின் பேரப்பிள்ளைகள் அதில் தாத்தா பெயரைத் தேடுகிறார்கள், தேடட்டும். அவருடைய போர்க்கால வேலையைப் பற்றி எரிக் ஷ்மால்ட்ஸ், சாமுவேல் சின்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் விரிவாக எழுதினார்கள். அவர் இறந்தது 1982-இல்.

வட்டாட்சியர் அம்மா முன்னிலையில் நான் கேட்பது ஒன்றுதான். நூலகத்தில் உள்ள ஒவ்வொரு பெரிய தொகுப்பு நூலிலும் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவோம்: தொகுத்தவர் யார், எந்த ஆண்டில், யாருடைய சம்பளத்தில். புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம், தாள் மட்டும் போதும். இதையே எட்டு ஊரில் பேசிவிட்டேன், ஒன்பதாவதாக இங்கே பேசுகிறேன். வாசல் மேசையில் மனு இருக்கிறது. மை பேனா நானே வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு முன் யாருக்குப் போகிறது என்று படித்துப் பாருங்கள், மேலேயே எழுதியிருக்கிறேன்.